மைன்கிராஃப்ட் எஜுகேஷன்: விளையாட்டுக்குள் ஒரு வேதியியல் கூடம்

கட்டைகளை அடுக்கி உலகங்களைக் கட்டும் கணினி விளையாட்டாக 2011-இல் முழுமையாக வெளியான மைன்கிராஃப்டைப் பின்லாந்தின் டீச்சர்கேமிங் நிறுவனம் வகுப்பறைக்கு ஏற்ப மாற்றியமைத்தது. அந்த வகுப்பறைப் பதிப்பை விலைக்கு வாங்கிய மைக்ரோசாஃப்ட், 2016 நவம்பரில் தனிக் கல்விப் பதிப்பை வெளியிட்டது.

இதில் என்னை மிகவும் கவர்ந்தது 2018-இல் சேர்க்கப்பட்ட வேதியியல் பகுதியாகும். புரோட்டான், நியூட்ரான், எலக்ட்ரான் எண்ணிக்கையை மாணவரே கூட்டியும் குறைத்தும் பார்க்கலாம் என்பதால், ஒரு புரோட்டான் கூடினாலே தனிமம் வேறாகிவிடும் என்ற உண்மை மனப்பாடமின்றிக் கைப்பழக்கத்திலேயே பதிகிறது. ஹீலியம், லேடெக்ஸ் முதலியவற்றைச் சேர்த்துச் செய்த பலூனை ஒரு விலங்கின்மேல் கட்டினால், அது மெல்ல வானில் எழுகிறது. அந்தக் கணத்தில் ஒரு குழந்தைக்குப் பிறக்கும் வியப்பைப் பாடநூலின் படம் ஒருபோதும் தராது.

கட்டளைக் கட்டங்களை அடுக்கியோ, பைத்தான் என்ற நிரல்மொழியிலோ நிரல் எழுதும் வசதியும் உண்டு.

ஆனால் ஒரு பெருங்குறையைச் சொல்லியே ஆக வேண்டும். சோடியத்தையும் குளோரினையும் விளையாட்டில் சேர்மம் உருவாக்கும் கருவியில் இட்டவுடன் உப்பு கிடைத்துவிடுகிறது. எலக்ட்ரான் இடம் மாறுவதோ, வினையில் வெளிப்படும் வெப்பமோ எங்கும் காட்டப்படுவதில்லை. அதை விளக்கும் ஆசிரியர் அருகில் இருந்தால் மட்டுமே, எட்டாம் வகுப்புக்கு மேற்பட்ட மாணவர்களுக்கு இதைப் பரிந்துரைப்பேன்.