விலை சொல்கிறோம் என்று கிட்டாரைக் கேட்டால் விட்டுவிட்டு வராதீர்கள்

பழைய அக்கூஸ்டிக் கிட்டாரை விற்க நினைப்பவர்கள் கவனிக்கவும். "வைத்துவிட்டுப் போங்கள், பார்த்துவிட்டு விலை சொல்கிறோம்" என்று எந்தக் கடையில் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். பார்ப்பதை உங்கள் கண்முன்னே பார்க்கட்டும். நல்ல கருவியாக இருந்தால் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது.

நான் விற்கப் போனது யமஹா எஃப்ஜி800. சென்னையில் பழைய இசைக்கருவிகளை வாங்கி விற்கும் ஒரு கடை. சோதனைக் கட்டணம் என்று முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்கள், கிட்டாரை வைத்துக்கொண்டார்கள். சில நாள் கழித்துப் போனபோது சொன்ன விலை 4,500 ரூபாய். காரணமாக மூன்றைச் சொன்னார்கள். நெக் (கிட்டாரின் கழுத்து) வளைந்துவிட்டதாம், கம்பிகள் துருப்பிடித்து, நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளான ஃப்ரெட்டுகள் கெட்டுவிட்டனவாம், இது யமஹாவின் இன்னொரு மாடலான எஃப்310 போன்ற ஒட்டுப்பலகைக் கிட்டார்தானாம்.

மூன்றாவது காரணம் அப்பட்டமான பொய். எஃப்310-இன் மேற்பலகை ஒட்டுப்பலகை. எஃப்ஜி800-இன் மேற்பலகை அடுக்குகள் ஒட்டாத முழு ஸ்ப்ரூஸ் மரம். சத்தம் வரும் துளையின் விளிம்பை டார்ச் அடித்துப் பாருங்கள். மேலே ஓடும் மரக்கோடுகள் விளிம்பில் திரும்பி அப்படியே கீழே இறங்கினால் முழு மரம். நடுவில் வேறு நிறத்தில் அடுக்கு தெரிந்தால் ஒட்டுப்பலகை. பழைய கிட்டாரின் விலையை முதலில் தீர்மானிப்பது இதுதான். அந்த விளிம்பைக் காட்டிக் கேட்டேன். கடைக்காரர் பேச்சை நெக் பக்கம் திருப்பினார்.

நெக் விஷயத்தில்தான் பெரும்பாலானோர் பயந்து, கேட்ட விலைக்குக் கொடுத்துவிடுகிறார்கள். ஆறு ஸ்டீல் கம்பிகளும் சேர்ந்து ஏறத்தாழ எழுபது கிலோ விசையில் நெக்கை இழுக்கின்றன. சென்னை மழைக்காலத்தின் ஈரத்தில் மரம் உப்பும், கம்பிகள் உயர்ந்து நிற்கும். நெக்குக்குள் ஓடும் ட்ரஸ் ராடு என்ற உலோகத் தண்டு இருப்பதே இந்த வளைவைச் சரிசெய்வதற்காகத்தான். தடித்த கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் பதினான்காவது ஃப்ரெட்டிலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஏழாவது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு விசிட்டிங் கார்டை நுழைத்துப் பாருங்கள். கார்டு கம்பியைத் தூக்காமல் உரசிக்கொண்டு போனால் நெக்கில் குறையே இல்லை. கொஞ்சம் தாராளமாக நுழைந்தால் ட்ரஸ் ராடை ஆலன் கீயால் (அறுகோணச் சாவி) கால் சுற்று, அரைச் சுற்று திருப்பினால் சரியாகிவிடும். என் கிட்டாருக்குத் தேவைப்பட்டது அவ்வளவுதான். துருப்பிடித்த கம்பி சில நூறு ரூபாயில் மாறிவிடும். ஃப்ரெட்டில் கம்பி பதிந்து பள்ளம் விழுந்திருந்தால்தான் விலையைக் குறைக்க நியாயம் உண்டு.

விலையை உண்மையிலேயே வீழ்த்தும் குறைகளும் இருக்கின்றன. பிரிட்ஜின் (மேற்பலகையில் ஒட்டியிருக்கும், கம்பிகள் மாட்டும் மரத்துண்டு) பின்விளிம்பில் ஒரு தாள் உள்ளே போகிறது என்றால் பசை விட்டுவிட்டது. நெக் நேராக இருந்தும், சாடிலை (பிரிட்ஜில் கம்பிகளைத் தாங்கும் சிறு பட்டை) தேய்த்துத் தேய்த்து இனித் தேய்க்க இடமில்லாத நிலையிலும் கம்பி உயரமாக நின்றால், நெக் உடலோடு சேரும் கோணமே மாறியிருக்கிறது. இந்த விலைக் கிட்டாரில் அதைச் சரிசெய்யும் செலவு கட்டுப்படியாகாது. இவற்றைக் காட்டி ஒருவர் குறைத்துக் கேட்டால் அது வியாபாரம். கடைக்காரருக்கு லாபமும் வேண்டும்தான். இல்லாத குறையைச் சொல்லிக் கேட்பது ஏமாற்று.

விற்க மறுத்துத் திரும்ப வாங்கி வந்த கிட்டாரில் இன்னொரு வேலையும் நடந்திருந்தது. மீட்டியதும் ஓர் அதிர்வுச் சத்தம். கம்பிகளைத் தளர்த்திப் பார்த்தால், பிரிட்ஜ் பள்ளத்தில் மெல்லிய பிளாஸ்டிக் சாடில் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. பள்ளத்தில் இறுக்கமாக உட்காரும்படி இழைத்து நான் போட்டு வைத்திருந்தது எலும்புச் சாடில். மேசையில் போட்டால் கல் விழுந்தாற்போல் கணீரென்று ஒலிக்கும். இது தொப்பென்று விழுந்தது. திரும்பப் போய்க் கேட்டபோது, "வரும்போதே இப்படித்தான் இருந்தது" என்றார்கள். கொடுப்பதற்கு முன் எடுத்த படங்களைக் காட்டியதும் பேச்சு நின்றது. பொருள் திரும்ப வரவில்லை.

ஆகவே எந்தக் கடைக்குப் போவதற்கும் முன்னால் சாடில், நட் (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் பட்டை), முறுக்காணிகள், உள்ளே இருக்கும் லேபிள், வரிசை எண் எல்லாவற்றையும் கிட்டத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். விலையையும் நீங்களே கணக்கிட்டு வைத்துக்கொள்ளுங்கள். வாங்கிய காலத்து விலையை விடுங்கள், அதே மாடல் இன்று புதிதாக என்ன விலைக்குக் கிடைக்கிறது என்று பாருங்கள். குறையில்லாத, மேற்பலகை முழு மரமான கிட்டாருக்கு அதில் பாதியோ, அதற்குச் சற்று மேலோ கேட்பதை நியாயம் என்று நினைக்கிறேன். இணையத்தில் மாதக்கணக்கில் விற்காமல் கிடக்கும் விளம்பரங்களின் விலையை நம்ப வேண்டாம்.

ட்ரஸ் ராடைச் சரிசெய்து, புதுக் கம்பி போட்டு, ஒரு கல்லூரி மாணவருக்கு 13,000 ரூபாய்க்குக் கொடுத்தேன். அவர் வந்து வாசித்துப் பார்த்து, நான் சொன்னபடியே கார்டை நுழைத்துச் சோதித்துவிட்டுத்தான் வாங்கினார். முந்நூறு ரூபாய் ரசீது என்னிடம் இருப்பதால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்திருக்கிறேன். இதே போல் சாடிலோ முறுக்காணியோ மாற்றப்பட்டவர்கள் ரசீதையும் படங்களையும் வைத்துக்கொண்டு நீங்களும் பதிவு செய்யுங்கள்.