ஒட்டாத கால் எலும்பும் மின்காந்தச் சுருளும்: மட்டக்களப்பிலிருந்து ஓர் அனுபவம்

இந்தக் கருவியைக் கட்டிக்கொண்டால் உடம்பில் ஒன்றுமே தெரியாது. சூடில்லை, குறுகுறுப்பில்லை, அதிர்வில்லை. பிஸியோதெரபியில் வலிக்காக ஒட்டித் தசையைத் துடிக்கவைக்கும் மின்கருவியை இதுவென்று நினைத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அது வேறு, இது வேறு. நான் பயன்படுத்தியது, ஒட்டாமல் நிற்கும் எலும்பை ஒட்டத் தூண்டுவதற்கான துடிப்பு மின்காந்தப் புலக் கருவி: கீழ்க்காலைச் சுற்றிப் பூட்டும் ஒரு சுருள், சிறு திரை, உள்ளே பற்றரி.

2021 தொடக்கத்தில் ஆரையம்பதிக்கு அருகே மோட்டார் சைக்கிள் விபத்தில் முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்பு முறிந்தது. உள்ளே ஆணி வைத்தார்கள். வெளிப்புண் ஆறியது, எலும்பு ஒட்டவில்லை. அந்த எலும்பின் முன்பக்கத்தில் தோலுக்கு அடியில் தசையே இல்லை. ஒட்டத் தாமதிப்பதில் பேர்போன எலும்பு அது. முறிந்து ஒன்பது மாதமாகி, கடைசி மூன்று மாதமும் முன்னேற்றமில்லை என்றால் அதை ஒட்டாத முறிவாகக் கொள்வது ஒரு பழைய கணக்கு. என் எக்ஸ்ரே படங்களில் கறுப்புக் கோடு அசையாமல் நின்றது.

இடுப்பெலும்பில் கொஞ்சம் எடுத்து முறிவில் வைக்கும் சத்திரசிகிச்சைதான் அடுத்த வழி. ஆனால் அது 2022. மருந்துத் தட்டுப்பாட்டால் அவசரமில்லாத சத்திரசிகிச்சைகள் பல இடங்களில் தள்ளிப்போயின. "இடைவெளி சிறியது, ஆணியும் உறுதியாக இருக்கிறது. அதுவரை மின்தூண்டலைச் செய்து பார்க்கலாம்" என்றார் வைத்தியர். ரொறன்ரோவிலுள்ள சின்னம்மாவின் மகன் கருவியை அனுப்பினான். என்ன விலை என்று இன்றுவரை அவன் வாய் திறக்கவில்லை. அங்கே இவை ஆயிரக்கணக்கான டொலருக்கு விற்பவை.

அம்மாவுக்குச் சுருளைப் பார்க்கவே பிடிக்கவில்லை. "மகன், முறிவு வைத்தியரிடம் எண்ணெய்க் கட்டுப் போட்டிருந்தால் இவ்வளவு இழுபட்டிருக்காது" என்றபடியே கூனிச் சுண்டலும் முருங்கையிலையும் ஆக்கி அனுப்பிக்கொண்டிருந்தார். சுண்டலுக்கு நான் மறுப்புச் சொல்லவில்லை.

எலும்புக்கும் மின்சாரத்துக்கும் என்ன உறவு? 1957இல் ஃபுகாடா, யசுதா என்ற இரு ஜப்பானியர், எலும்பை அழுத்தினால் அதில் மின்னேற்றம் பிறக்கிறது என்று காட்டினார்கள். வளையும் எலும்பில் அழுத்தம் விழும் பக்கம் எதிர்மின் தன்மை பெறுகிறது. புது எலும்பு படிவதும் அந்தப் பக்கத்தில்தான். நடக்க முடியாத காலுக்கு அந்தச் சமிக்ஞையை வெளியிலிருந்து கொடுத்தால் என்ன என்ற கேள்வியிலிருந்து பிறந்தவை இக்கருவிகள். சுருளின் காந்தப்புலம் மாறும்போது திசுவுக்குள் மிகச் சிறிய மின்புலம் தூண்டப்படுகிறது. எலும்பாக்கும் உயிரணுக்கள் அதற்கு இசைகின்றன. அமெரிக்காவில் 1979இலேயே இவ்வகைக் கருவிக்கு அனுமதி கிடைத்துவிட்டது.

கருவி கேட்பது நேரத்தை. வகையைப் பொறுத்து நாளுக்கு மூன்று மணித்தியாலம் முதல் பத்து வரை. நான் இரவில் கட்டிக்கொண்டு படுத்தேன். சித்திரை வெயில் காலத்தில் சுருளுக்கு அடியில் வியர்த்து, அதன் விளிம்பு பட்ட இடமெல்லாம் சிவந்து அரித்தது. பழைய பருத்திச் சாரத்தைக் கிழித்து இரண்டு மடிப்பாகச் சுற்றி அதன்மேல் பூட்டியபின்தான் தூக்கம் வந்தது. துணி தடையாகாது, காந்தப்புலம் அதனூடே போகும். அந்த மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனது. மின்சாரம் வந்த உடனே வீட்டில் முதலில் சார்ஜில் ஏறியது தொலைபேசியல்ல, இதுதான். சார்ஜரின் முள் தட்டையானது, நம் சுவருக்குப் பொருந்தாது. மாற்றி வாங்க வேண்டும். சார்ஜர் 230 வோல்ட் தாங்குமா என்று அதன் அடியில் படித்துவிட்டுச் செருகுங்கள்.

திரை, போட்ட நேரத்தைக் கணக்கு வைக்கிறது. ஏமாற்ற முடியாது, எனக்கு அது நல்லதாகவே போயிற்று.

சில மாதங்களில் கோட்டின் ஒரு ஓரத்தில் மங்கலான வெள்ளை தெரிந்தது. பிறகு அது மெல்ல மெல்லக் குறுக்கே பாலம் போட்டது. இப்போது கல்லடிப் பாலத்தைச் சைக்கிளில் கடக்கிறேன், ஆணி உள்ளேயே இருக்கிறது. கருவிதான் ஒட்டவைத்தது என்று சத்தியம் செய்யமாட்டேன். அதே காலத்தில் வைத்தியர் காலூன்றி நடக்கவும் சொல்லியிருந்தார், எலும்புக்கு அதுவும் மருந்து. வேலை செய்யாத போலிக் கருவியோடு ஒப்பிட்ட 15 சோதனைகளைத் தொகுத்த 2016 ஆய்வில், மின்தூண்டல் பெற்றவர்களிடம் வலியும் எக்ஸ்ரேயில் ஒட்டாமல் நிற்பதும் குறைந்தன. அன்றாடச் செயற்பாட்டில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. சந்தேகத்தோடு கூடிய நன்றி என்பதே என் நிலை.

சிகரெட்டை விடாமல் இதை வாங்குவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் அள்ளுவது. வைத்தியர் என்னிடம் முதலில் விசாரித்ததே அதைத்தான். இடைவெளி பெரிதாக இருந்தாலோ, முறிவு ஆடிக்கொண்டிருந்தாலோ சுருளால் ஆகப்போவது எதுவுமில்லை. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இதய வைத்தியரைக் கேட்காமல் தொடவே கூடாது. பாவித்த கருவியை மலிவாக வாங்குவதிலும் கவனம் தேவை: ஒரு நோயாளிக்கென்று காலம் வரையறுத்து, அது முடிந்ததும் தானாக நின்றுவிடும் வகைகள் உண்டு.

போன மாதம் காத்தான்குடியிலிருந்து ஒரு நண்பர், மூன்று வாரத்துக்கு முன் கைமுறிந்த தன் மகனுக்காக இரவல் கேட்டார். கொடுக்கவில்லை. பிள்ளையின் எலும்பு, அதுவும் புது முறிவு; ஒட்டவில்லை என்று சொல்லும் காலமே இன்னும் வரவில்லை. அடுத்த எக்ஸ்ரேயை எடுத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டேன்.