மூன்று பக்க ஜன்னலுக்கு பிளைண்ட் போடுகிறீர்களா? அளவைத் தாளில் வாங்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்

சுவரை விட்டு வெளியே தள்ளிக் கட்டிய மூன்று பக்க ஜன்னல், உள்பக்கமாகத் திறக்கும் கொசுவலைக் கதவு, கைக்கெட்டாத குளியலறை வென்டிலேட்டர். இப்படி ஏடாகூடமான ஜன்னல்கள் இருக்கும் வீட்டுக்காரர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் பிளைண்ட் (செயினை இழுத்தால் சுருண்டு ஏறும் ஜன்னல் திரை) போடும் கடைக்காரரைக் கூப்பிடுங்கள். சென்னையில் எங்கள் ஃபிளாட்டில் நடந்ததை எழுதுகிறேன்.

எங்கள் ஹால் மேற்குப் பார்த்தது. நடு ஜன்னல் 5 அடி அகலம், பக்கத்துக்கு ஒன்றாக 2 அடி ஜன்னல்கள், உயரம் நாலரை அடி. மதியம் மூன்று மணிக்கு மேல் வெயில் நேராக உள்ளே இறங்கும். மாமனாருக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்திருந்த நேரம். வெளிச்சம் பட்டாலே கண் கூசுகிறது என்றார். அதனால் சீக்கிரம் ஏதாவது போட்டாக வேண்டும் என்று விசாரித்து ஒரு கடைக்காரரை வரவழைத்தோம்.

"மேடம், ஜீப்ரா பிளைண்ட் போட்டுடலாம். சதுர அடி 160 ரூபாய்தான். ஃபுல் பிளாக்கவுட், ஒரு பொட்டு வெளிச்சம் வராது" என்றார். காட்டிய சாம்பிள் துணி கனமாக, பின்பக்கம் வெள்ளைப் பூச்சோடு இருந்தது. டேப் வைத்து அளந்தார், அளவைத் தன் போனில் குறித்துக்கொண்டார். ஒரு தாளில் எழுதித் தாருங்கள் என்று கேட்டதற்கு, "சைஸ் எல்லாம் என்கிட்ட இருக்கு மேடம், நீங்க ஏன் கவலைப்படுறீங்க" என்று சொல்லிப் பாதிப் பணத்தை அட்வான்ஸாக வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

இனி கணக்கைப் பாருங்கள். மூன்று ஜன்னலும் சேர்ந்து 40.5 சதுர அடி. வென்டிலேட்டர் 2 அடிக்கு ஒன்றரை அடி, அதாவது 3 சதுர அடி. மொத்தம் 43.5 சதுர அடிக்கு 6,960 ரூபாய் வர வேண்டும். மாட்டி முடித்ததும் அவர் கேட்டது 12,400. நாலரை அடி உயரம் 5 அடி ஆகியிருந்தது. ஒரு பிளைண்டுக்குக் குறைந்தது 15 சதுர அடி என்று கணக்காம். 9 சதுர அடிப் பக்க ஜன்னல்களுக்குத் தலா 15, 3 சதுர அடி வென்டிலேட்டருக்கும் 15. அந்தச் சின்ன ஓட்டைக்கு மட்டும் 2,400 ரூபாய். அதற்கு மேல் ஃபிட்டிங் கூலி தலா 300. குறைந்தபட்ச அளவு வைப்பது இந்தத் தொழிலில் சகஜம்தான், அதை நான் குறை சொல்லவில்லை. அட்வான்ஸ் வாங்கும்போது அதைப் பற்றி வாயே திறக்காததைத்தான் ஏமாற்று என்கிறேன்.

பணம் போனால் போகட்டும், வேலையாவது ஒழுங்காக இருந்ததா? மூன்று பக்க ஜன்னலில், துணி சுருளும் மேல் பெட்டிகள் பக்கத்துப் பக்கத்தில் மூலையில் ஒன்றோடொன்று இடித்தன. மாட்ட வந்த பையன், "அக்கா, கொஞ்சம் வெட்டிட்டா சரியாயிடும்" என்று ஹாலிலேயே உட்கார்ந்து ரம்பத்தால் அறுத்தான். துணி ஓரத்தைக் கத்தரியால் நறுக்கினான். இரண்டு மூலையிலும் பிசிறு தொங்குகிறது, இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. நாலு மணிக்கு அந்த இடுக்கு வழியாக வரும் வெயில் சரியாக மாமனாரின் கட்டிலில் விழுகிறது. வந்த துணியும் சாம்பிளில் பார்த்தது இல்லை. பின்னால் போன் டார்ச்சை அடித்தால் வெளிச்சம் பளிச்சென்று தெரிகிறது.

உண்மையில் ஜீப்ரா வகையில் முழு இருட்டு கிடைக்கவே கிடைக்காது. கனத்த பட்டையும் மெல்லிய பட்டையும் மாறி மாறி வரும் துணி அது, பட்டை ஓரங்களில் வெளிச்சம் கசியும். சுருளும் வகை எதுவானாலும் ஒரு பக்கம் செயின் சக்கரம், மறுபக்கம் உருளையைத் தாங்கும் முள் இருப்பதால், துணி மொத்த அகலத்தைவிட மூன்று நான்கு சென்டிமீட்டர் குறைவாகத்தான் இருக்கும். நேரான ஜன்னலில் சுவர் மேல் பக்கத்துக்கு மூன்று அங்குலம் கூட்டி மாட்டினால் அது தெரியாது. மூலையில் கூட்டுவதற்கு இடம் எங்கே இருக்கிறது? இது அவருக்குத் தெரியாமல் இருக்காது.

கொசுவலைக் கதவு இன்னொரு கொடுமை. நடு ஜன்னலில் பிராக்கெட்டைத் தாழ்வாக அடித்துவிட்டதால் கதவின் மேல் விளிம்பு பெட்டியில் முட்டுகிறது, பாதிதான் திறக்கிறது. அளவெடுக்க வருபவரிடம் கொசுவலைக் கதவை முழுசாகத் திறந்து காட்டி, அதற்கு மேல் எத்தனை அங்குலம் விட்டு மாட்டுவார் என்று எழுதி வாங்குங்கள். குழந்தை இருக்கும் வீடு என்றால் செயினைக் கட்டாயம் கவனியுங்கள். வளையமாகத் தொங்கும் செயின் குழந்தையின் கழுத்தில் மாட்டினால் உயிருக்கே ஆபத்து. அதைச் சுவரோடு இழுத்துப் பிடிக்கும் கிளிப்பை எங்கள் வீட்டில் மாட்டவே இல்லை. பிளாஸ்டிக் கவரோடு ஜன்னல் திண்டில் வைத்துவிட்டுப் போயிருந்தான்.

கடைக்காரரைக் கேட்டால், "அளவுக்குச் செஞ்ச பொருள் மேடம், ரிட்டர்ன் கிடையாது" என்கிறார். பில்லும் தரவில்லை, எஸ்டிமேட் என்று ஒரு துண்டுச்சீட்டுதான். பில் தராமல் இருப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. யுபிஐயில் பணம் அனுப்பியதும், வாட்ஸ்அப்பில் அவர் "ஃபுல் பிளாக்கவுட்" என்று எழுதியதும் எங்களிடம் இருந்தன. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்த பிறகு அவரே கூப்பிட்டு, வென்டிலேட்டருக்குக் கூடுதலாக வாங்கிய 1,920 ரூபாயை மட்டும் திருப்பிக் கொடுத்தார்.

மூன்று பக்க ஜன்னலுக்கு இப்போது சீலிங்கில் வளைத்த ட்ராக் மாட்டி, உள்துணி வைத்துத் தைத்த கனமான ஸ்க்ரீன் போட்டிருக்கிறோம். துணி மூலையிலும் விடாமல் சுற்றி வருவதால் இடுக்கு இல்லை, மாமனார் மதியம் தூங்குகிறார். மீதிப் பணத்துக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கப்போகிறோம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, 2 ஆண்டுக்குள் கொடுத்தால் போதும். இதே மாதிரி மாட்டிக்கொண்டவர்கள் அந்தத் துண்டுச்சீட்டையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்காமல் வைத்திருங்கள்.