சொல்லிக்கொண்டு கிளம்பும் விளையாட்டு: டிரெய்ல்ஸ் தொடரோடு பதினோரு வருடங்கள்

ரோலன்ட் என்ற சின்ன ஊரின் நடுவில் ஒரு மணிக்கூண்டு இருக்கிறது. டிரெய்ல்ஸ் இன் தி ஸ்கை என்ற வீடியோ கேம் தொடங்கிய முதல் மணி நேரத்திலேயே அதைத் தாண்டிப் பத்துத் தடவையாவது போய்வந்துவிடுவோம். யாரும் அதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல மாட்டார்கள். பத்து வருடத்துக்கு முன் நடந்த போரில் பழைய கூண்டு இடிந்து விழுந்ததும், கதாநாயகி எஸ்டெல்லின் அம்மா மகளைக் காப்பாற்றப்போய் அந்த இடிபாட்டில் உயிர்விட்டதும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரியவரும். தெரிந்த பிறகு அந்தச் சதுக்கத்தை என்னால் சும்மா கடக்க முடியவில்லை. ஊர் அதேதான், படமும் அதேதான். எனக்குத்தான் அது வேறு ஊராகிவிட்டது.

டிரெய்ல்ஸ் இன் தி ஸ்கை முதல் பாகத்தை நான் வாங்கியது 2014 தீபாவளி சமயத்தில். ஜப்பானில் 2004 ஜூனில் கம்ப்யூட்டருக்கு வந்த கேம் அது. ஆங்கிலத்தில் 2011ல் சோனியின் கையடக்கக் கருவியான பிஎஸ்பிக்கும் 2014 ஜூலையில் கம்ப்யூட்டருக்கும் வந்தது. என்னிடம் அப்போது இருந்தது ஆபீஸ் வேலைக்கு வாங்கிய சாதாரண லேப்டாப். புது கேம் எதுவும் அதில் ஓடாது, இது வெண்ணெய் மாதிரி ஓடியது. அந்த ஒரே காரணத்துக்காக வாங்கியதுதான். அதற்குப் பின் அந்தத் தொடரில் ஆங்கிலத்தில் வந்த எதையும் நான் விடவில்லை. ஃபைனல் ஃபேன்டஸி, டிராகன் குவெஸ்ட், பெர்சோனா எல்லாம் விளையாடியிருக்கிறேன், பிடிக்கும். ஆனாலும் ஜப்பானிய ஆர்பிஜி, அதாவது ஒரு பாத்திரமாக மாறிக் கதைக்குள் போகும் கேம், என்றால் என் மனதில் முதலில் வந்து நிற்பது நிஹான் ஃபால்காம் என்ற சின்ன கம்பெனி செய்யும் இந்தத் தொடர்தான்.

காரணம் அதன் ஊர்க்காரர்கள். மற்ற கேம்களில் தெருவில் நிற்கும் ஆள் ஒரே வசனத்தைத்தான் வைத்திருப்பார். நீங்கள் உலகத்தைக் காப்பாற்றிவிட்டுத் திரும்பினாலும் "இன்று காற்று நன்றாக வீசுகிறது" என்பார். டிரெய்ல்ஸில் கதை ஒரு அடி நகர்ந்தால் ஊர் மொத்தமும் பேச்சை மாற்றும். விமானம் காணாமல் போன சேதி வந்தால் சத்திரத்தில் இருப்பவர், கடைக்காரர், சர்ச்சில் விளையாடும் பிள்ளை என எல்லோரிடமும் அதைப் பற்றி ஒரு வார்த்தை இருக்கும். அதோடு அவரவர் வீட்டுக் கதையும் தனியாக ஓடிக்கொண்டிருக்கும். கதைக்கு அது தேவையே இல்லை. நீங்கள் போய்ப் பேசாவிட்டால் அது நடந்ததே உங்களுக்குத் தெரியாது. ஆன்டன் என்று ஒரு இளைஞன், காதலி கிடைக்காமல் சிநேகிதனோடு ஊர் ஊராக அலைவான். ஸ்கை காலத்தில் தொடங்கிய அவன் அலைச்சல் அடுத்த நாட்டிலும் அதற்கடுத்த நாட்டிலும் தொடர்கிறது. புதிய பாகம் வந்ததும் இவன் எங்கே இருக்கிறான் என்றுதான் நான் முதலில் தேடுவேன்.

அப்போது என் தங்கை காலேஜ் படித்துக்கொண்டிருந்தாள். நான் விளையாடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பாள். ஆரம்பத்தில் அவளுக்குப் பொறுமை இல்லை.

"அண்ணா, இப்பதானே அந்த அக்காகிட்ட பேசின? மறுபடி எதுக்கு?"

"இப்ப வேற சொல்லுவாங்க, பாரு."

வேறுதான் சொன்னார்கள். இரண்டு வாரத்தில் நிலைமை தலைகீழாகிவிட்டது. வசனங்களை அவளே தமிழில் வாசித்துக் காட்ட ஆரம்பித்தாள். உணவகத்தில் வேலை செய்யும் எலிசாவுக்கு ஒரு குரல், பண்ணைவீட்டு டியோவுக்கு ஒரு குரல். ரோலன்டை விட்டு அடுத்த ஊருக்குக் கிளம்பும் கட்டம் வந்தது. நான் நேராக ஊர் எல்லைக்குப் போகப் பார்த்தேன், விடவில்லை. "எல்லார்கிட்டயும் சொல்லிட்டுக் கிளம்பு. சொல்லாம போனா என்ன நினைப்பாங்க?" என்றாள். வீடு வீடாகப் போனோம். எழுதியவர்கள் அதையும் யோசித்து வைத்திருந்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் வழியனுப்பும் வார்த்தை இருந்தது.

அன்றிலிருந்து எங்களுக்கு அதுவே வழக்கமாகிவிட்டது. எந்த ஊரை விட்டுக் கிளம்பினாலும் சொல்லிக்கொண்டுதான் கிளம்புவோம். இன்றைக்கும் ஒரு ஆர்பிஜி நல்லதா என்று பார்க்க நான் வைத்திருக்கும் அளவுகோல் இது ஒன்றுதான்: கிளம்பும்போது சொல்லிக்கொள்ளத் தோன்றுகிறதா?

கதை பெரிதாக ஆரம்பிப்பதில்லை. எஸ்டெல்லுக்குப் பதினாறு வயது. ஐந்து வருடம் முன்பு அவள் அப்பா காயத்தோடு தூக்கிவந்து வீட்டில் சேர்த்துக்கொண்ட பையன் ஜோஷுவா. இருவரும் பிரேசர் என்ற அமைப்பில் சேர்கிறார்கள். மக்களின் சிக்கல்களைத் தீர்த்துவைக்கும் வேலை. லிபர்ல் நாட்டின் ஐந்து பகுதிகளையும் சுற்றி ஒவ்வொரு கிளையிலும் சிபாரிசு வாங்கினால்தான் முழு பிரேசர் ஆகலாம். தோட்டத்தில் காய்கறி தின்னும் மிருகங்களை விரட்டுவது, தொலைந்த பொருளைத் தேடுவது என்றே முதல் இருபது மணி நேரம் போகும். பலர் இங்கேதான் விட்டுவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், உண்மையிலேயே மெதுவான கதைதான். ஆனால் கடைசி அத்தியாயத்தில் தலைநகர் கிரான்செலில் அத்தனை இழைகளும் ஒன்று சேரும்போது, நாம் காக்க நினைப்பது வரைபடத்தில் இருக்கும் ஒரு நாட்டை அல்ல, பெயர் தெரிந்த ஐம்பது அறுபது பேரை. அந்த வித்தியாசத்தை வேறு எந்தத் தொடரும் எனக்குத் தந்ததில்லை.

ஒரு விஷயத்தைத் தமிழ் வாசகர்களிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். எஸ்டெல்லும் ஜோஷுவாவும் ஒரே வீட்டில் பிள்ளைகளாக வளர்ந்தவர்கள், அவர்களுக்குள் காதல் வரும். என் தங்கை முகம் சுளித்துவிட்டு இரண்டு நாள் பக்கத்திலேயே வரவில்லை. எனக்கும் ஒட்டவில்லை. ரத்த உறவு இல்லை என்று கேம் சொல்வதால் நமக்கு அது சரியாகிவிடாது, நம்மூரில் உறவு என்பது வளர்ப்பிலும் அழைக்கும் முறையிலும் இருக்கிறது. ஆனால் எஸ்டெல்லுக்கே அது குழப்பமாக இருக்கிறது, அந்தக் குழப்பத்துக்கு எழுத்தாளர்கள் அவசரமில்லாமல் இடம் தருகிறார்கள். இரண்டாம் பாகம் முடியும்போது அவர்கள் இருவரையும் நான் ஏற்றுக்கொண்டிருந்தேன். தங்கை இன்றுவரை ஏற்கவில்லை. பின்னால் வந்த கோல்ட் ஸ்டீல் பாகங்களில் நாயகன் ரீனைச் சுற்றி ஏறக்குறைய எல்லாப் பெண்களும், வளர்ப்புத் தங்கை உட்பட, அவன்மேல் ஆசைப்படுவதாக எழுதியது வேறு கதை. அதை என்னால் ஏற்கவே முடியவில்லை. எஸ்டெல்லுக்குக் கொடுத்த பொறுமையில் கால்பங்கு கூட அங்கே யாருக்கும் கிடைக்கவில்லை.

சண்டை முறை டர்ன் பேஸ்டு, அதாவது ஒருவர் மாற்றி ஒருவர் முறை வைத்து அடிப்பது. திரையோரம் யார் எப்போது அடிப்பார் என்ற வரிசை தெரியும். அந்த வரிசையில் சில இடங்களில் பரிசுக் குறி இருக்கும், அந்த டர்ன் யாருக்கு வருகிறதோ அவருக்குக் கூடுதல் பலமோ கொஞ்சம் உயிரோ கிடைக்கும். பலத்த அடி தரும் பரிசுக் குறி எதிரியின் டர்னில் வரப்போகிறது என்று தெரிகிறது. உங்கள் ஆளிடம் சிபி என்ற சண்டைப் புள்ளி நூறு சேர்ந்திருந்தால், எஸ்-பிரேக் என்ற சிறப்புத் தாக்குதலை அழுத்தி வரிசைக்கு நடுவே பாய்ந்து அந்தப் பரிசைத் தட்டிப்பறிக்கலாம். இப்போது பாய்வதா, அடுத்ததில் உயிர் நிரப்பும் குறி வருகிறதே, அதற்குக் காத்திருப்பதா? பஸ்ஸில் சீட்டுக்குக் காத்திருப்பவன் மாதிரி அந்த வரிசையையே பார்த்துக்கொண்டிருப்பேன். பெரிய எதிரியோடு மோதும் ஒரு பாஸ் சண்டையில் நடுவே சாப்பிடக் கூப்பிட்டார்கள். சாப்பிட்டு, பாத்திரம் கழுவிவைத்துவிட்டு வந்தேன். வரிசை அப்படியே நின்றுகொண்டிருந்தது.

டர்ன் பேஸ்டு செத்துவிட்டது என்று கேமிங் செய்திகள் சொல்லிச் சொல்லியே பத்து வருடம் ஓட்டின. 2023ல் ஃபைனல் ஃபேன்டஸி 16 முழு ஆக்‌ஷனாக வந்தபோது அந்தப் பேச்சு உச்சத்தில் இருந்தது. அதே வருடம் பால்டர்ஸ் கேட் 3, 2024ல் அட்லஸின் மெட்டஃபர், 2025ல் பிரான்சில் ஒரு புதுக் குழு செய்த எக்ஸ்பெடிஷன் 33 என்று விருதுகளை அள்ளியவை எல்லாம் டர்ன் பேஸ்டு. இப்போது "டர்ன் பேஸ்டு மீண்டது" என்று எழுதுகிறார்கள். அது எங்கும் போகவில்லை. டிராகன் குவெஸ்ட் 1986லிருந்து அதைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. இன்னொன்று, ஃபைனல் ஃபேன்டஸி 16ன் தயாரிப்பாளர் நவோகி யோஷிடா 2023ல் ஒரு பேட்டியில், ஜே-ஆர்பிஜி என்ற சொல் முதலில் காதில் விழுந்தபோது தங்களைக் கேலி செய்து ஒதுக்குவது போல் இருந்தது என்றார். அதைப் படித்த பிறகு நான் எழுதும்போது கூடியவரை ஜப்பானிய ஆர்பிஜி என்றே எழுதுகிறேன். செய்தவர் மனம் நோகும் சொல்லை ரசிகன் எதற்குப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டும்?

இந்தத் தொடரின் பெரிய வலி காத்திருப்பு. முதல் பாகம் முடியும் இடம் அப்படி. வாரப் பத்திரிகையில் தொடர்கதை படித்தவர்களுக்குப் புரியும், "தொடரும்" என்ற சொல் வரக்கூடாத இடத்தில் வரும். ஜப்பானியர்கள் இரண்டாம் பாகத்துக்கு 2006 மார்ச் வரை, இரண்டு வருடத்துக்கும் குறைவாகக் காத்திருந்தார்கள். 2011ல் ஆங்கிலத்தில் வாங்கியவர்கள் காத்திருந்தது 2015 அக்டோபர் வரை, நாலரை வருடம். நான் 2015 ஜனவரியில் முடித்ததால் ஒன்பது மாதத்தோடு தப்பித்தேன். ஊர்க்காரர் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் வசனம் என்றால் மொழிபெயர்ப்பு எவ்வளவு பெரிய மலை என்று யோசித்துப் பாருங்கள். நான் நேசிக்கும் அதே குணம்தான் தாமதத்துக்கும் காரணம். அதனால் மொழிபெயர்ப்பாளர்கள்மேல் எனக்குக் கோபமே வந்ததில்லை. மாறாக, முதல் பாகத்தின் ஆங்கிலத்தில் ஏற்கெனவே திறந்த காலிப் பெட்டியை மறுபடி திறந்தால் ஒவ்வொன்றும் ஒரு கிண்டல் சொல்லும். அது மொழிபெயர்த்தவர்கள் தாங்களாகச் சேர்த்தது. அத்தனை வேலைக்கு நடுவே அதையும் செய்திருக்கிறார்கள்.

வரிசை கலைந்ததுதான் அதைவிட வருத்தம். கிராஸ்பெல் கதை, அதாவது ஜீரோ, அஷர் இரண்டும், ஜப்பானில் 2010லும் 2011லும் வந்தவை. பேரரசுக்கும் குடியரசுக்கும் நடுவே நசுங்கும் ஒரு நகரத்தின் கதை. என் கணக்கில் தொடரின் உச்சம் அஷர்தான். ஆங்கிலத்தில் அவை முறையாக வந்தது 2022லும் 2023லும். அதற்குள் 2019ல் கோல்ட் ஸ்டீல் 3 வந்துவிட்டது. கிராஸ்பெல் கதையின் முக்கியப் பாத்திரமான ராண்டி அதில் ஆசிரியராக வந்து நிற்கிறான். அவன் பட்ட பாடு எதுவும் தெரியாமல் அவனை முதன்முதலாகப் பார்த்தோம். ஜியோஃப்ரன்ட் என்ற ரசிகர் குழு 2020ல் ஜீரோவை மொழிபெயர்த்து வெளியிட்டது. அதிகாரபூர்வப் பதிப்பு அவர்கள் உழைப்பின்மேல்தான் எழுந்தது. ரசிகர்கள் கூலி எதிர்பார்க்காமல் செய்த வேலைகளில் நான் மிகவும் மதிப்பது இது. இன்று தொடங்குகிறவர்களுக்கு எல்லாம் கையில் இருக்கிறது. ஸ்கை மூன்று பாகங்களும், பிறகு ஜீரோ, அஷர், பிறகு கோல்ட் ஸ்டீல் நான்கு பாகங்களும் என்று போங்கள். யார் எந்தக் குறுக்குவழி சொன்னாலும் கேட்காதீர்கள்.

செய்தி பின்தொடர்கிறவர்களுக்கு ஒரு சின்னத் தகவல். ஃபால்காமின் கணக்கு வருடம் செப்டம்பரில் முடிகிறது. தொடரின் ஜப்பானிய வெளியீட்டுத் தேதிகளைப் பார்த்தால் பாதிக்கு மேல் செப்டம்பர் கடைசி வாரத்தில் விழும். கோல்ட் ஸ்டீல் நான்கு பாகங்களும் அப்படி, அவற்றுக்குப் பின்னால் வந்த டேபிரேக் பாகங்கள் இரண்டும் அப்படி. அதனால் கோடையில் கிளம்பும் வதந்திகளை நான் பொருட்படுத்துவதே இல்லை. அவசரமாக முடித்த தடயம் சில பாகங்களில் தெரிவதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். டேபிரேக் 2ன் நடுப்பகுதியில் கதை ஒரே இடத்தில் சுற்றியது. அங்கே ஊர்க்காரர்கள் கூடச் சோர்ந்து போயிருந்தார்கள்.

2025 செப்டம்பர் 19ல், ஜப்பானிலும் வெளியிலும் ஒரே நாளில், முதல் பாகத்தின் மறுஆக்கம் வந்தது. நாலரை வருடம் காத்திருந்த ஒரு கூட்டத்துக்கு அந்த ஒரே நாள் என்பது என்னவென்று சொல்லத் தெரியவில்லை. முழு முப்பரிமாணம். சாலையில் நேரடியாக அடிக்கலாம், வேண்டுமென்றால் டர்ன் முறைக்கு மாறலாம். எஸ்டெல்லின் முகத்தில் இப்போது கோபமும் வெட்கமும் தெரிகிறது. குறை என்றால் குரல்தான், ஒரு வசனம் பேசுவார்கள், அடுத்தது மௌனமாகப் போகும், காது தடுமாறும். மற்றபடி ஊர்க்காரர்கள் அப்படியே இருக்கிறார்கள். பழையதையா புதியதையா என்று கேட்டால், புதியதிலேயே தொடங்குங்கள் என்பேன். எனக்குப் பழையதன்மேல் பாசம் இருக்கிறது, ஆனால் அதற்காகப் புதிதாக வருகிறவரைக் கஷ்டப்படுத்த மாட்டேன்.

மறுஆக்கத்தில் வரைபடத்தைத் திறந்து ஏற்கெனவே போய்வந்த இடத்துக்குத் தாவலாம். வேலை முடிந்து இரவு ஒன்பதரைக்கு உட்காருகிறவனுக்கு அது பெரிய வசதி. ஒரு நாள் தூக்கக் கலக்கத்தில் ரோலன்ட் அத்தியாயத்தை முடித்துவிட்டு நேரே அடுத்த ஊரான போஸுக்குப் போய்விட்டேன். மறுநாள் தங்கை வேறு எதற்கோ போன் செய்தாள். இப்போது அவளுக்குக் கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள், விளையாட நேரமில்லை. பேச்சோடு பேச்சாக எஸ்டெல் எங்கே இருக்கிறாள் என்று கேட்டாள். போஸ் வந்தாச்சு என்றேன்.

"எலிசாகிட்ட சொன்னியா?"

அன்று இரவு பழைய சேவ் ஃபைலைத் திறந்து ரோலன்டுக்குத் திரும்பினேன். சதுக்கத்தில் ஆரம்பித்து வீடு வீடாகப் போனேன். வசனங்களைப் படமெடுத்து ஒவ்வொன்றாக அவளுக்கு அனுப்பினேன். பதினொன்றரை மணிக்கு, எலிசாவின் வார்த்தைகளைத் தமிழில் பேசி, பழைய அதே குரலில் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது.