ஃபெட் ‘வேவ் ஆன் எ ஸ்ட்ரிங்’: நிறுத்தும் பொத்தான் பிள்ளையிடம் இருக்கட்டும்

தில்லியின் ஆர்.கே. புரத்திலோ மயூர் விஹாரிலோ பதினொன்றாம் வகுப்பு படிக்கும் தமிழ்ப் பிள்ளை இயற்பியலை ஆங்கிலத்தில் கேட்கிறது, பக்கத்தில் இருப்பவரோடு இந்தியில் பேசுகிறது, வீட்டுக்கு வந்து தமிழில் சந்தேகம் கேட்கிறது. ஸ்மார்ட் போர்டில் ஓடும் அனிமேஷன் அதற்காக நின்று கொடுக்காது. கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும், கயிற்றில் அலை ஓடுவதைக் காட்டும் ‘வேவ் ஆன் எ ஸ்ட்ரிங்’ செயலி நின்று கொடுக்கும்.

‘பல்ஸ்’ (ஒற்றைத் துடிப்பு), ‘ஃபிக்ஸ்டு எண்ட்’ (கவ்வியில் கட்டிய நுனி), ‘ஸ்லோ மோஷன்’ (மெது ஓட்டம்) மூன்றையும் தேர்ந்தெடுங்கள். அலையை மெல்ல அடக்கும் டேம்ப்பிங்கைச் சுழியாக்குங்கள். துடிப்பை அனுப்பி, அது கவ்வியை நெருங்கும்போது நிறுத்துங்கள். பிறகு ஒவ்வொரு படியாக நகர்த்தும் பொத்தானை அழுத்தச் சொல்லுங்கள். மேடாக வந்த துடிப்பு கவ்வியருகே ஒரு கணம் தட்டையாகி, பள்ளமாகத் திரும்பும். ‘லூஸ் எண்ட்’ (கட்டாத நுனி) வைத்தால் நுனி வளையம் துடிப்பைப் போல இரு மடங்கு உயரம் எழும்பி, மேடு மேடாகவே திரும்பும். முழு வேகத்தில் இது கண் சிமிட்டும் நேரத்தில் போய்விடும். மேடு பள்ளமாகப் புரள்வதைக் குறிக்கும் ‘பை அளவு கட்ட மாற்றம்’ என்ற மனப்பாடம் மட்டுமே மிஞ்சும்.

2001-ல் மேயர், சாண்ட்லர் என்ற ஆய்வாளர்கள் மின்னல் உருவாவதைக் காட்டும் அனிமேஷனை 16 துண்டாக்கி, அடுத்ததற்குப் போகும் பொத்தானை மாணவர்களிடமே கொடுத்தார்கள். புதிய சிக்கல்களுக்கு விடை காண்பதில், நிறுத்தாமல் பார்த்தவர்களைவிட அவர்களே முந்தினார்கள். 2007-ல் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளிடம் நடந்த ஆய்வு இன்னும் சுவையானது: நிறுத்தும் பொத்தான் கிடைத்தவர்கள் அதை அதிகம் அழுத்தவே இல்லை, ஆனாலும் கடினமான கேள்விகளில் பொத்தான் இல்லாதவர்களைவிட மேலாகவே செய்தார்கள்.

அதற்காக எல்லாப் பொத்தான்களையும் முதல் நாளே அவிழ்த்துவிடக் கூடாது. வீச்சு, அதிர்வெண், இழுவிசை, டேம்ப்பிங் நான்கையும் ஒரே நேரத்தில் அசைத்தால் எது எதை மாற்றியது என்றே தெரியாது. புதிதாகக் கற்பவருக்கு நிறுத்தல், படி நகர்த்தல், மெது ஓட்டம் இவை போதும். நிறுத்தியதும் அடுத்து என்ன வரும் என்று தாளில் வரையச் சொல்லுங்கள். வரையாமல் அழுத்துவது வெறும் வேடிக்கை.

வழக்கமாகக் கோட்டை விடும் இடம் டேம்ப்பிங். திறந்தவுடன் அது கொஞ்சம் இருக்கும். கவனிக்காவிட்டால் திரும்பும் துடிப்பு சிறுத்துவிடும். கவ்விதான் ஆற்றலை விழுங்கியது என்று பிள்ளை எழுதிவிடும். அலைநீளம் அளக்க ‘ஆஸிலேட்’டுடன் (தொடர் அலை) ‘நோ எண்ட்’ (அலை திரும்பாத நுனி) வையுங்கள். ‘ஃபிக்ஸ்டு எண்ட்’டில் திரும்பும் அலைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி அளவைக் குழப்பும். 1 ஹெர்ட்ஸில் நிறுத்தி அளவுகோலை வைத்துப் பார்த்துவிட்டு 2 ஹெர்ட்ஸுக்கு மாற்றினால் அலைநீளம் பாதியாகும், வேகம் மாறாது. இழுவிசையை மட்டும் தொடாதீர்கள்.

பெரிய குறை, பின்னோக்கிப் படி நகர்த்த முடியாது. கணத்தைத் தவறவிட்டால் ‘ரீஸ்டார்ட்’ அழுத்தி முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும். போனில் விரலே நழுவுகோலை மறைப்பதால் லேப்டாப் நல்லது. ஒற்றைக் கோப்பாக இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாத நேரத்திலும் ஓடும்.