பழைய டெக்கா, யுஎஸ்பி பிளேயரா: பதின்ம வயது கேசட்டுகளுக்கு எது?

பதின்ம வயதில் சேர்த்த பாப் கேசட்டுகள் பல வருடம் கழித்துக் கைக்கு வந்தால், அவற்றைக் கேட்க மூன்று வழி உண்டு. அதே பாடல்களை ஸ்ட்ரீமிங்கில் தேடலாம், சிறிய யுஎஸ்பி கேசட் பிளேயர் ஒன்று வாங்கலாம், அல்லது பழைய டெக் (ஆம்ப்ளிஃபையரோடு இணைத்துக் கேட்கும் பெரிய கேசட் மெஷின்) ஒன்றைப் பழுது பார்த்து ஓட்டலாம். நான் மூன்றாவதைத்தான் தேர்ந்தெடுத்தேன். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

ஸ்ட்ரீமிங் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. ஆல்பம் கிடைக்கும், ஆனால் பெரும்பாலும் ரீமாஸ்டர் செய்த பதிப்பாக இருக்கும். ரேடியோவிலிருந்து நாமே பதிவு செய்தது, அறிவிப்பாளர் குரல் பாட்டின் வாலில் ஒட்டிக்கொண்டு வருவது, பாடல்களை நாம் அடுக்கிய வரிசை, இதெல்லாம் அந்த நாடாவில் மட்டும்தான் இருக்கிறது.

யுஎஸ்பி பிளேயர் வசதியானது. கணினியில் செருகினால் வேலை தொடங்கிவிடும். பதிவு பட்டன் இல்லாத மாடல் என்றால் பழைய பாட்டு தவறுதலாக அழியவும் வழியில்லை. ஒரு நண்பரிடம் இரவல் வாங்கி நானும் ஓட்டிப் பார்த்தேன். டிரம்ஸும் கிடாரும் பரவாயில்லை. பியானோவில் ஒரு ஸ்வரம் நீண்டு நிற்கும் இடத்தில்தான் சுருதி மெல்ல அலைந்தது. நாடாவின் ஓட்டத்தைச் சீராக வைக்கும் சக்கரம் அதில் சிறியது, எடையில்லாதது, அதனால் வேகம் நிலையாக நிற்பதில்லை. நாடா இரைச்சலைக் குறைக்கும் டால்பி வசதியும் கிடையாது. அதன் ஒரு வகையான டால்பி பி போட்டுப் பதிந்த கேசட் அதில் கூர்மையாக, இரைச்சலோடு ஒலிக்கும்.

இவற்றையெல்லாம்கூடச் சகித்துக்கொள்ளலாம். என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. கேசட்டில் நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர்தான் நகர்கிறது. அந்த வேகத்தில் 10 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலை நாடாவில் ஐந்து மைக்ரானுக்கும் குறைவான இடத்தில் அடங்கிவிடுகிறது. நாடாவிலிருந்து ஒலியைப் படிக்கும் ஹெட் இம்மியளவு சாய்ந்திருந்தாலும் உச்ச ஒலிகள் மங்கிவிடும். இந்தச் சாய்வைத்தான் அஸிமத் என்கிறார்கள். ஒவ்வொரு கேசட்டும் அன்று எந்த மெஷினில் பதிந்ததோ அந்த மெஷினின் சாய்வோடுதான் இருக்கிறது. அதனால் கேசட்டுக்குக் கேசட் சரிசெய்ய வேண்டும்.

டெக்கில் இது சுலபம். கேசட் கதவின் மூடியைக் கழற்றினால் ஹெட்டின் பக்கத்தில் ஸ்பிரிங் வைத்த திருகு தெரியும். பாட்டு ஓடும்போதே, ஒலியை மோனோவில் வைத்துக்கொண்டு, அதைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பிப் பாருங்கள். கம்பளிக்குள் இருந்து வந்ததுபோல் இருந்த சிம்பல் ஒலி ஒரு புள்ளியில் பளிச்சென்று திறக்கும். அந்தப் புள்ளியைத் தாண்டினால் மறுபடி மங்கும். யுஎஸ்பி பிளேயரிலும் திருகு இருந்தது. ஆனால் ஹெட்டைத் தாங்கும் தகடே லேசாக ஆடியதால், திருத்தியது அடுத்த கேசட் வரைகூட நிற்கவில்லை.

டெக்குக்குச் செலவு இல்லாமல் இல்லை. மோட்டாரின் சுழற்சியைக் கடத்தும் பழைய ரப்பர் பெல்ட் தார் மாதிரி உருகி ஒட்டிக்கொண்டிருக்கும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தெடுத்துவிட்டுப் புதுசு போட வேண்டும். நாடாவை அழுத்தி நகர்த்தும் உருளையான பிஞ்ச் ரோலரின் ரப்பர் பளபளவென்று இறுகிப்போயிருந்தால் நாடாவை இழுத்துச் சுருட்டிவிடும். அதையும் மாற்றுங்கள். ஒருமுறை இவ்வளவும் செய்துவிட்டால், பிறகு அவ்வப்போது ஹெட்டையும் ரோலரையும் துடைப்பதோடு சரி. பெல்ட், ரோலர் இரண்டும் பல மாடல்களுக்கு இன்னும் தனியாகக் கிடைக்கின்றன. யுஎஸ்பி பிளேயர் கெட்டால் பெரும்பாலும் தூக்கிப் போடுவதுதான் வழி.

எந்த மெஷினானாலும், ஓட்டுவதற்கு முன் கேசட்டைப் பாருங்கள். ஹெட் வந்து அழுத்தும் இடத்தில் இருக்கும் சின்ன ஃபெல்ட் துண்டு கழன்றிருக்கலாம். முதலில் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை சுற்றி, திரும்பவும் சுற்றிவிடுங்கள். சி-90 (90 நிமிட) நாடா சி-60-ஐவிட (60 நிமிடம்) மெல்லியது, அதனால் கூடுதல் கவனம் தேவை. டெக்கில் போடுகிறீர்கள் என்றால், மேல் விளிம்பில் இருக்கும் பிளாஸ்டிக் காதுகளை உடைத்துவிடுங்கள். தப்பித்தவறி பதிவு பட்டனை அழுத்தினாலும் அழியாது.

கடையில் வாங்கிய ஆல்பம் கேசட்டுகள் நாலைந்துதான் இருக்கின்றன, ஒருமுறை கேட்டால் போதும் என்பவருக்கு யுஎஸ்பி பிளேயரே போதும். நாடாவின் காந்தப் பூச்சில் பல வகை உண்டு; என்னிடம் இருந்தவை சாதாரண ஃபெர்ரிக் நாடாவும் கொஞ்சம் குரோமும்தான். மெட்டல் நாடா வைத்திருப்பவர்கள் அதை ஓட்டிப் பழகிய ஒருவரிடம் கேட்டுக்கொண்டு முடிவெடுப்பது நல்லது.