ஸ்பார்க் டேட்டாபேஸ் ரிவ்யூ: ஓசியில கெடைக்குற 175 கேலக்ஸி

டார்க் மேட்டர் பத்தி, அதாவது கண்ணுக்குத் தெரியாம ஈர்ப்பு மட்டும் காட்டுதுன்னு சொல்ற அந்தப் பொருளப் பத்தி, தமிழ்லயே இப்ப எக்கச்சக்க வீடியோ வந்துருச்சு, எல்லாத்துலயும் ஊதா கலர்ல ஒரு புகைய கேலக்ஸியச் சுத்திப் போட்டு, பின்னாடி ஒரு திகில் மியூசிக்க ஓட விட்டு, "விஞ்ஞானிகளே மிரண்டு போன மர்மம்"னு முடிச்சிருவாங்க. பாத்து முடிச்சவங்ககிட்ட சரி என்னதான் தெரிஞ்சுதுன்னு கேட்டா பதில் இருக்காது. அந்த ஊதாப் புகைய எவனும் பாத்ததில்ல, அது கம்ப்யூட்டர்ல வரைஞ்சது. நெஜமா கையில இருக்குறது கொஞ்சம் நம்பர்தான். அந்த நம்பர அப்படியே எடுத்துக் குடுக்குற சர்வீஸ் ஒண்ணு இருக்கு, காசு இல்ல, லாகின் இல்ல, ஓடிபி இல்ல, நடுவுல விளம்பரம் இல்ல. அதுக்குத்தான் இந்த ரிவ்யூ.

பேரு ஸ்பார்க். அமெரிக்காவுல கிளீவ்லாண்ட்ல இருக்குற கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் யுனிவர்சிட்டியோட வானியல் சைட்ல இருக்கு. வெறும் ஸ்பார்க்னு தேடுனா ஐடி ஆளுங்க யூஸ் பண்ற அப்பாச்சி ஸ்பார்க்தான் வந்து நிக்கும், அதனால கேலக்ஸி ரொட்டேஷன் கர்வ்னு (மையத்துல இருந்து எவ்ளோ தூரத்துல என்ன வேகத்துல சுத்துதுன்னு காட்டுற கோடு) கூட சேத்து அடிங்க. ஃபெடரிகோ லெல்லி, ஸ்டேசி மெக்காவ், ஜேம்ஸ் ஷாம்பர்ட்னு மூணு பேர் 2016ல வெளியிட்டது. பேஜ் ரொம்பப் பழைய பாணி, ஒரு தலைப்பு, கொஞ்சம் விளக்கம், கீழ லிங்க் லிங்க்கா இருக்கும், அவ்ளோதான். எனக்கு இது புடிச்சிருக்கு, ஸ்லோ நெட்லயும் டக்குனு தெறக்குது.

உள்ள என்ன இருக்குன்னா, 175 கேலக்ஸி, ஒவ்வொண்ணுக்கும் ஒரு டெக்ஸ்ட் ஃபைல், மொத்தமும் ஒரே ஜிப்ல. குட்டியா மங்கலா இருக்குற கேலக்ஸியில இருந்து நம்ம பால்வெளிய விடப் பெருசு வரைக்கும் கலந்து இருக்கு. ஃபைல நோட்பேட்ல தெறந்தா எட்டு காலம் (column, மேலருந்து கீழ எறங்குற வரிசை) இருக்கும், முதல் காலம் மையத்துல இருந்து எவ்ளோ தூரம், ரெண்டாவது அந்த எடத்துல வாயு என்ன வேகத்துல சுத்துது, மூணாவது அந்த வேகத்துல எவ்ளோ பிழை இருக்கலாம். இதெல்லாம் அளந்தது. அடுத்த மூணு காலம்தான் விஷயமே, கண்ணுக்குத் தெரியுற வாயு மட்டும் இருந்தா வேகம் எவ்ளோ இருக்கணும், தட்டுல இருக்குற நட்சத்திரம் மட்டும்னா எவ்ளோ, நடுவுல இருக்குற குண்டுப் பகுதி மட்டும்னா எவ்ளோ, அப்டின்னு தனித்தனியா போட்டுக் குடுத்துட்டாங்க. கடைசி ரெண்டு காலம் வெளிச்சம் பத்தினது, ஆரம்பத்துல அதத் தொட வேண்டியதில்ல.

வேகம் எப்படித் தெரியும்னா, ஹைட்ரஜன் வாயு 21 சென்டிமீட்டர் ரேடியோ அலைய வெளிய விடும், அந்த வாயு நம்மளப் பாத்து வருதா வெலகிப் போகுதாங்குறதப் பொறுத்து அலைநீளம் லேசா மாறும். நட்சத்திரத்தோட எடைக்கு ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கி 3.6 மைக்ரான் அகச்சிவப்புல எடுத்த படங்கள். ஏன் அந்த அலைநீளம்னா அதுல தூசி பெருசா மறைக்காது, எடைய அதிகமா சுமக்குற வயசான நட்சத்திரங்களோட வெளிச்சமும் நல்லா வரும். இங்கதான் இந்த டேட்டா மத்ததவிட ஒரு படி மேல, ஏன்னா 175 கேலக்ஸிக்கும் ஒரே மாதிரி அளவுகோல்.

சரி, கையில எடுத்தா என்ன ஆகும். நான் எல்லாருக்கும் சொல்றது என்ஜிசி 3198ல ஆரம்பிங்க. 1985லயே ஆல்படா, பாகால், பெகமன், சன்சிசி நாலு பேரும் சேந்து எழுதின பேப்பர்ல வந்து ஃபேமஸ் ஆன கேலக்ஸி, இந்தத் துறையில எல்லாரும் ஒரு தடவையாவது வரைஞ்சிருப்பாங்க. ஷீட்ஸ்ல தூரத்த கீழயும் வேகத்த மேலயும் வெச்சு சார்ட் போட்டீங்கன்னா, சரசரன்னு ஏறி 150 கிமீ/செகண்ட் கிட்டப் போயி, அங்கயிருந்து கோடு படுத்துக்கும். 44 கிலோபார்செக் வரைக்கும், அதாவது ஒரு லட்சத்து நாப்பதாயிரம் ஒளியாண்டுக்கும் மேல, பெருசா எறங்கவே எறங்காது. நம்ம சூரியக் குடும்பத்துல புதன் 47 கிமீ வேகத்துல ஓடுது, நெப்டியூன் 5.4 கிமீதான், தூரம் போகப் போக வேகம் கொறையணும். இங்க கொறையல.

இப்ப பக்கத்துல இன்னொரு கோடு போடுங்க, கண்ணுக்குத் தெரியுற மூணு காலத்தையும் சேத்து. இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. வேகத்த நேரடியாக் கூட்டக் கூடாது, வர்க்கத்ததான் கூட்டணும். அதுலயும் வாயு காலத்துல சில ஃபைல்ல மையத்துக்குப் பக்கத்துல மைனஸ் நம்பர் இருக்கும், அது டைப்பிங் மிஸ்டேக் இல்ல, நடுவுல வாயு கம்மியா வெளிய அதிகமா இருந்தா அந்த வாயு பொருளை வெளிப்பக்கம் இழுக்கும், அதத்தான் மைனஸ் சொல்லுது. நீங்க சும்மா வர்க்கப்படுத்துனா மைனஸ் காணாமப் போயிரும், அதனால அந்த நம்பரையும் அதோட ஏபிஎஸ்ஸையும் (ABS, மைனஸ எடுத்துட்டு நம்பர மட்டும் தர்ற ஷீட்ஸ் ஃபார்முலா) பெருக்குங்க, குறி அப்படியே நிக்கும். நட்சத்திரக் காலம் ரெண்டும் ஒரு யூனிட் வெளிச்சத்துக்கு ஒரு யூனிட் எடைன்னு வெச்சுப் போட்டது, ஸ்பார்க் டீம் வழக்கமா தட்டுக்கு 0.5, நடுக்குண்டுக்கு 0.7 எடுக்குறாங்க, நீங்களும் வர்க்கத்த அதால பெருக்கிக் கூட்டிட்டு ஸ்கொயர் ரூட் எடுங்க.

கடைசி புள்ளியில என்ன வரும் தெரியுமா, சுமார் 60. அளந்தது 150. எடைங்குறது வேகத்தோட வர்க்கத்துல போறதால வித்தியாசம் ரெண்டரை மடங்கு இல்ல, ஆறு மடங்கு. வீட்டுல இருக்குற லைட்டு ஃபேன் எல்லாத்தையும் கூட்டிப் பாத்தா நூறு யூனிட், ஈபி மீட்டர் அறுநூறு காட்டுதுன்னா எப்படி இருக்கும், அந்தக் கதைதான்.

ஒடனே ஒருத்தர் கேப்பாரு, அந்த 0.5ஐ யாரு சொன்னா, அத ஏத்திட்டா சரியாயிரும்லனு. நல்ல கேள்வி, ஏத்திப் பாருங்க, செல்லுல நம்பர் மாத்துனா போதும். வெளிப்பக்கம் 150 வர்ற வரைக்கும் ஏத்துனா அது அஞ்சையும் தாண்டணும், ஆனா அதே நேரத்துல உள்பக்கம் கோடு 300க்கு மேல எகிறிப் போயிரும், அங்க அளந்தது 150தான். உள்ள சரி பண்ணுனா வெளிய பத்தாது, வெளிய சரி பண்ணுனா உள்ள வழியும். இந்த ஒரு செல்ல மாத்திப் பாத்தப்ப புரிஞ்ச அளவுக்கு எனக்கு எந்த வீடியோவுலயும் புரிஞ்சதில்ல.

அடுத்து டிடிஓ 154. இது ஒரு குட்டிக் கேலக்ஸி, நட்சத்திரத்த விட வாயுதான் பல மடங்கு அதிகம், அதனால மேல சொன்ன 0.5 பஞ்சாயத்தே இங்க செல்லாது, என்ன வேணா போட்டுக்கோங்க பெருசா மாறாது. அப்பவும் ஓரத்துல அளந்தது 47 பக்கம், தெரியுற பொருள் குடுக்குறது 20 கூட தேறல. டார்க் மேட்டர்னா பெரிய கேலக்ஸி சமாச்சாரம்னு நெனச்சவங்களுக்கு இது நல்ல மருந்து, குட்டியிலதான் பத்தாக்குறை ஜாஸ்தி.

இப்ப கொஞ்சம் உஷாரா இருக்க வேண்டிய எடம். இந்த டேட்டாவ செஞ்சவங்கள்ல மெக்காவ், 1983ல மில்க்ரோம் சொன்ன மாண்ட் பக்கம் பல வருஷமாப் பேசிட்டு வர்றவரு, அதாவது காணாத பொருள்னு ஒண்ணு வேண்டாம், ஈர்ப்பு ரொம்ப பலவீனமா இருக்குற எடத்துல விதியே வேற மாதிரி நடந்துக்குதுங்குற கட்சி. 2016லயே அந்த மூணு பேரும் இதுல 153 கேலக்ஸி, 2693 புள்ளி எடுத்து, தெரியுற பொருளோட ஈர்ப்புக்கும் அளந்த ஈர்ப்புக்கும் ஒரே கோட்டுல உறவு இருக்குன்னு காட்டுனாங்க. காணாத பொருள்தான் முக்காவாசின்னா, தெரியுற கொஞ்சத்த வெச்சு மொத்தத்தையும் எப்படி இவ்ளோ கரெக்டா சொல்ல முடியுது? டார்க் மேட்டர் கட்சிக்கு இது உறுத்தல்தான், பதிலும் சொல்றாங்க, சண்டை இன்னும் முடியல. ஆனா டேட்டாவ ரெண்டு கட்சியுமே யூஸ் பண்றாங்க, அதுதான் எனக்கு இது மேல இருக்குற நம்பிக்கைக்குக் காரணம்.

அதே சமயம் இத மட்டும் வெச்சு தீர்ப்பு எழுதிராதீங்க. ஸ்பார்க்ல இருக்குறது சுத்துற தட்டுக் கேலக்ஸிங்க மட்டும். கேலக்ஸிக் கூட்டங்கள் இதுல இல்ல, 1933ல ஸ்விக்கிங்குற வானியலாளர் கோமாங்குற கேலக்ஸிக் கூட்டத்துல எடை பத்தலன்னு பாத்ததுதான் இந்தக் கதைக்கே ஆரம்பம், அங்க மாண்ட் போட்டாலும் எடை பத்தல. ரெண்டு கேலக்ஸிக் கூட்டம் மோதிக்கிட்ட புல்லட் கிளஸ்டர் இல்ல, பிரபஞ்சத்தோட ஆரம்ப காலத்துல இருந்து மிச்சமா வர்ற வெளிச்சமான காஸ்மிக் பேக்ரவுண்ட் இல்ல. அதயெல்லாம் சேத்துப் பாத்தா டார்க் மேட்டர் பக்கம்தான் தராசு சாயுதுன்னு நான் நெனக்கிறேன். ஆனா டார்க் மேட்டர் துகளப் புடிக்கப் போனவங்க கை இன்னும் காலி, தென் டகோட்டாவுல பழைய தங்கச் சுரங்கத்துல ஒண்ணரை கிலோமீட்டர் ஆழத்துல 10 டன் திரவ செனான வெச்சுக் காத்துட்டிருக்குற எல்இசட்ங்குற கருவி, 280 நாள் டேட்டாவப் பாத்துட்டு 2024ல சொன்னது ஒண்ணும் சிக்கலங்குறதுதான்.

கொறைன்னு பாத்தா, புதுசா வர்றவங்களுக்கு கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போற மாதிரி பாடம் எதுவும் பேஜ்ல இல்ல, காலம் தலைப்பெல்லாம் சுருக்கெழுத்துதான், ஆராய்ச்சி பண்றவங்களுக்குன்னு செஞ்சது அப்படித்தான் இருக்கும். பிளஸ் டூ இயற்பியல் ஞாபகம் இருந்தா சமாளிச்சிரலாம். தனியா ஒரு டேபிள்ல ஒவ்வொரு கேலக்ஸிக்கும் தரக் குறியீடு 1, 2, 3னு இருக்கு, 3 போட்டதத் தொடாதீங்க, அதே மாதிரி சாய்வு 30 டிகிரிக்கு கீழ இருந்தாலும் விடுங்க, நேரா முகம் காட்டி நிக்குற கேலக்ஸியில வேகத்த நம்ப முடியாது. அந்த ரெண்டையும் கழிச்சாதான் 175 வந்து 153 ஆகுது.

மார்க் போடணும்னா அஞ்சுக்கு நாலரை. காலேஜ் பசங்களுக்கு, பிளஸ் டூ டீச்சருங்களுக்கு, டேட்டா அனலிசிஸ் கத்துக்கிட்டு கஸ்டமர் சேல்ஸ் ஷீட்டயே பாத்து அலுத்துப் போனவங்களுக்கு கண்ண மூடிட்டு சொல்வேன். படம் பாக்கணும்னு வர்றவங்க வேற எங்கயாவது போங்க, இங்க படமே கிடையாதுன்னு வெச்சுக்கோங்க. இதே வரிசையில பிக் ஸ்பார்க்னு சுமார் 4000 கேலக்ஸிக்குத் திட்டம்னு 2024ல அறிவிச்சிருக்காங்க, அதுக்காகக் காத்திருக்க வேண்டாம், இந்த 175க்கே ஒரு லீவு பத்தாது. மொபைல்ல மட்டும் ட்ரை பண்ணாதீங்க, எட்டு காலம் சின்ன ஸ்கிரீன்ல மடங்கி மடங்கி எந்த நம்பர் எதுக்குன்னே தெரியாது, லேப்டாப் இல்லேன்னா பக்கத்து பிரவுசிங் சென்டர் போதும்.